30,000 யென்னா, 50,000 யென்னா?

அன்பு மகளுக்கு,

நலமா? இங்கே ஆப்பிள் பறிப்பு தொடங்கிவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு.

அடுத்த மாதம் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். மொய் உறையைக் கடையில் வாங்கிவிடாதே, நானே கட்டி அனுப்புகிறேன். ஜப்பான் முழுக்க உறை மேல் கட்டுகிற காகிதக் கயிறான மிசுஹிகியில் சுமார் 70 சதவீதம் நம் ஈதா ஊரிலிருந்து போகிறது; நீ அச்சடித்த முடிச்சோடு போய் நின்றால் சித்தி சும்மா இருப்பாளா? ஏற்கெனவே உன் தோழிக்குக் குழந்தை பிறந்தபோது முசுபிகிரி முடிச்சு போட்ட உறையைக் கொடுத்தாய். குழந்தை இன்னொன்றும் பிறக்கலாம், அதற்கு அவிழ்த்துக் கட்டுகிற வண்ணத்துப்பூச்சி முடிச்சு. கல்யாணத்துக்குத்தான் அவிழாத முசுபிகிரி. முடிச்சுக்காரி மகளுக்கு இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது!

பொன்னும் வெள்ளியுமாக 10 இழை எடுத்திருக்கிறேன். கஞ்சி போட்டு விறைத்த காகிதக் கயிறு, கட்டைவிரலால் நீவிவிட்டுத்தான் வளைக்க வேண்டும். ஏழு வயதிலேயே உனக்கு அந்தக் கை வந்துவிட்டது. இன்றும் எல்லோரிடமும் சொல்வேன்.

முடிச்சுக்குக் கீழே பெயர் எழுத வேண்டும். ஒரு பெயர் என்றால் 30,000 யென், தம்பதியாக என்றால் 50,000. நோட்டு புதிதாக இருக்கட்டும்.

புத்தாண்டு அட்டையில் உன் பெயர் மட்டும் இருந்தது. இடம் போதவில்லை போலிருக்கிறது. அப்பா ஒன்றும் கேட்காமல் அதை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். நோட்டு புதிதாக இருக்கட்டும், மறந்துவிடாதே.

உன் கல்யாணத்துக்கு முந்தின இரவு சமையலறை வாசலில் வந்து நின்று "அம்மா" என்றாய். நான் நிமிரவே இல்லை. இழை எண்ணுகிறேன், பேசாதே, கணக்கு தப்பிவிடும் என்றேன். கணக்கெல்லாம் தப்பாது, 30 வருடம் கட்டிய கை இது. நீ என்ன சொல்ல வந்தாய் என்று தெரிந்துதான் நிமிரவில்லை.

நம் ஊர் முன்பு குடுமி கட்டுகிற காகிதக் கயிறுதானே செய்தது. 1871-இல் குடுமியை எடுத்துவிடலாம் என்று அரசு ஆணை வந்தது. பிழைப்பு போயிற்று என்று ஊர் உட்கார்ந்துவிடவில்லை, மிசுஹிகி பக்கம் திரும்பிவிட்டது. இதை எதற்கு இப்போது எழுதுகிறேனோ.

சரி, பெயர் எழுதுகிற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். தொகையை மட்டும் எழுது, காரணம் வேண்டாம். அப்புறம், உன் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். சும்மாதான்.

அம்மா