பெருவிரலில் ஒரு கயிறு

அன்புள்ள ஆச்சி,

உங்கள் வீட்டில் நாங்கள் படம் எடுத்த அன்று விடியற்காலையில் காப்பியோடு இரண்டாங்கட்டுக்கு வந்தீர்கள். செத்து எழுந்து நடக்கிற பிணமாக வேஷம் போட்டு, தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த எங்கள் ஜாம்பியைப் பார்த்து நீங்கள் அலறியிருக்க வேண்டும். அலறவில்லை. டம்ளரை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, "செத்தவன் முகம் இப்படியா இருக்கும்?" என்றீர்கள். மூன்று மணி நேர வேலை ஆச்சி அது!

டிஷ்யூ தாளைக் கிழித்து, திரவ லேடெக்ஸ் என்னும் ரப்பர் பால் தடவி அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் நடுவில் கீறி, உள்ளே சிவப்பும் கறுப்பும் பூசினால் காயம் தயார். வீடெல்லாம் மூக்கைத் துளைத்தது அதிலுள்ள அம்மோனியா. புருவத்தில் வாசலின் பூச மறந்தால் உரிக்கும்போது முடியும் கூடவே வரும். சிலர் தோலுக்கு லேடெக்ஸ் ஆகாது என்பதால் முந்தின நாளே அவன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்திருந்தோம். ரத்தம் என்பது சர்க்கரைப் பாகும் சிவப்புக் கலர்ப்பொடியும் கொஞ்சம் காப்பித்தூளும். முற்றம் சூழ்ந்த வளவு முழுக்க எறும்பு வந்த காரணம் இப்போது புரிந்திருக்கும்.

அப்புறம் நீங்கள் கேட்டதுதான் கதையையே மாற்றியது: "எரிக்கிற ஊர்ல இவன் எங்கேயிருந்துப்பா எந்திரிச்சு வாரான்?" எட்டு பேர் இரண்டு மாதம் எழுதிய கதையில் யாருக்கும் இது தோன்றவில்லை. சரி, வீட்டை விட்டுத் தூக்குவதற்கு முன்பே எழுந்துவிடுகிறான் என்று மாற்றினோம். அப்படியானால் வாய் திறக்காமல் தாடையைக் கட்டும் நாடிக்கட்டு வேண்டும், மூக்கில் பஞ்சு வேண்டும், நெற்றியில் காசு வேண்டும், கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும் என்று அடுக்கினீர்கள். முடிச்சைக் காட்டச் சொன்னபோது, "உசுரோட இருக்கிற பிள்ளைக்கு நான் கட்ட மாட்டேன்" என்று சொல்லி என் காமிரா டிரைபாடின் இரண்டு கால்களில் கட்டிக் காட்டினீர்கள்.

பாதிக் காயங்களை உரித்துப் போட்டோம். உதட்டை வெளிறடித்தோம். ஒரு பெருவிரலில் மட்டும் அறுந்த கயிறு தொங்க, அவன் காலை இழுத்து நடந்தான். அதற்குமேல் ரத்தம் தேவைப்படவில்லை.

படம் பிடிக்க உச்சிவெயில் நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். முகத்தைப் படம் எடுக்கிறவர்கள் ஓடி ஒளிகிற நேரம் அது. வளவுக்குள் நேர் மேலேயிருந்து இறங்கும் வெளிச்சத்தில் கண்குழி இரண்டும் இருண்டுபோகும். ஆனால் உங்கள் வீடு பயமுறுத்தவே சம்மதிக்கவில்லை. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவரும், கண்ணாடிமேல் வார்த்து எடுத்த ஆத்தங்குடித் தரைக்கல்லும் வெளிச்சத்தைத் திருப்பியடித்து, அவனை மாப்பிள்ளை மாதிரி காட்டின. கறுப்புப் போர்வைகளைக் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் வழிக்கு வந்தான். காமிராவைத் தரையோடு வைத்து அந்தக் கயிற்றை எடுத்த படம்தான் இப்போது எங்கள் போஸ்டர்.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். கிழக்கு ஓரத் தூணருகே ஒரு கல்லில் லேசான சிவப்புக் கறை இருக்கிறது. சிமெண்டுக் கல் சாயத்தை உறிஞ்சிவிடும் என்று தெரிந்துதான் பாய் விரித்தோம். பாயை மீறி ஒரு சொட்டு போய்விட்டது.

படப்பிடிப்பு முடிந்ததும் அவனைத் தலைமுழுகச் சொல்லி, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டீர்களே, அதன் பிறகுதான் அவன் அம்மாவுக்கே நிம்மதி.

டிரைபாடில் நீங்கள் போட்ட முடிச்சை நான் இன்னும் அவிழ்க்கவில்லை, ஆச்சி. கால் விரியாமல் அப்படியே மூலையில் நிற்கிறது.