முகத்து மயிரும் மகளிர் பக்கமும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மகளிர் பக்கத்தில் ஒரு வாசகிக்கு எழுதிய பதிலைப் படித்தேன். பெண்மை குறைந்தவர்களுக்குத்தான் மேலுதட்டில் மயிர் அரும்புமாம், மஞ்சள் பூசினால் போய்விடுமாம். அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகை வாங்கும் வீடு எங்களுடையது. அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் என் நாடியில் இருந்த மயிரைப் பார்த்துவிட்டு எழும்பிப் போனார்கள். மாமிமார் எல்லோரும் பயற்றமாவும் மஞ்சளும்தான் சொன்னார்கள். 2020இல் இலங்கையில் மஞ்சள் இறக்குமதி நின்று விலை ஏறிக் கிடந்தபோதும் உங்கள் பக்கம் அதையே எழுதியது. "மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா அக்கா?" என்று முதலில் கேட்டது வெள்ளவத்தையில் எனக்கு த்ரெடிங் செய்த பிள்ளை. வரவில்லை. அவள் சொல்லித்தான் கிளினிக்குக்குப் போனேன்.

அங்கே வைத்தியர் மேலுதடு, நாடி, நெஞ்சு, வயிறு, முதுகு என்று 9 இடங்களைப் பார்த்துப் புள்ளி போட்டார். ஃபெரிமன், கால்வே என்ற இருவர் 1961இல் வகுத்த முறையின் திருத்திய வடிவமாம். பிறகு இரத்தப் பரிசோதனை, ஸ்கேன். எனக்கு இருந்தது பிசிஓஎஸ், ஹார்மோன் சமநிலை குலைந்து மாதவிடாய் ஒழுங்கு தவறும் நிலை. ஏறத்தாழ 10 பெண்களில் ஒருவருக்கு அது உண்டு என்பதும், கவனிக்காமல் விட்டால் நீரிழிவு வரை கொண்டுபோகலாம் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆண் ஹார்மோன் என்று சொல்லப்படும் அன்ட்ரோஜன் எல்லாப் பெண்களின் உடம்பிலும் சுரப்பதுதான். அது கூடினால் மயிர் தடித்துக் கறுக்கும். இதில் பெண்மை எங்கே குறைந்தது? மருந்து எடுத்தாலும் பலன் தெரிய 6 மாதமாவது ஆகும். திடீரென்று மயிர் வளர்ந்து குரலும் தடித்தால் கட்டியாகக்கூட இருக்கலாம். அப்படிப்பட்ட ஒருத்தி உங்கள் பதிலை நம்பி மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தால்?

மீசை வைத்த மாமியார் பகிடிகளை எத்தனை தீபாவளி மலர்களில் பார்த்துவிட்டோம். அப்போதெல்லாம் பேசாமல் இருந்தேன். இப்போது என் மகள் உங்கள் பத்திரிகையைப் படிக்கிற வயதுக்கு வந்துவிட்டாள்.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். அந்த வாசகியை ஒரு வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாசகி
(பெயரை வெளியிட வேண்டாம்)