மீளாய்வுச் சபையின் கேள்வி

ஆசிரியருக்கு,

மனநோயால் குற்றப் பொறுப்பற்றவர் எனத் தீர்ப்பான ஒருவரை விடுவிக்கலாமா என்ற உங்கள் தலையங்கம், அன்று நடந்த கொடூரத்தையே அளவுகோலாக வைக்கிறது. கனடாவில் இப்படிப்பட்டவர்களைத் தடுத்துவைப்பதா விடுவிப்பதா என்று முடிவுசெய்யும் மீளாய்வுச் சபை பார்ப்பது, இன்று இவரால் பொதுமக்களின் பாதுகாப்புக்குக் கணிசமான ஆபத்து உண்டா என்பதை. இல்லையென்றால் நிபந்தனையின்றி விடுவித்தே ஆக வேண்டும் என்று 1999இல் வின்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் யாரும் ஒரே நாளில் கதவைத் திறந்துவிடுவதில்லை. இப்படித் தீர்ப்பான என் உறவினர் ஒருவரைப் பற்றிச் சபை நடத்திய விசாரணைகளுக்குப் போயிருக்கிறேன். முதலில் தாதி கூடவர மருத்துவமனை வளாகத்துக்குள் நடை, அப்புறம் தனியாகக் கொஞ்ச நேரம், அதற்கும் பிறகுதான் வெளியே. ஒரு முறை மாத்திரையை விழுங்காமல் மறைத்தது தெரிந்ததும் எல்லாம் நின்றுபோனது. இறந்தவரின் குடும்பமும் அந்த விசாரணைகளுக்கு வந்திருந்தது. வருடா வருடம் அவர்கள் அதையெல்லாம் மறுபடி கேட்க நேர்வது பெரிய கொடுமை. அவர்களுடைய கோபத்தைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது.

சபை தன் முடிவுக்கான காரணங்களை எழுத்தில் தருகிறது. இனி இப்படியொரு விடுதலைச் செய்தி வந்தால், அந்தக் காரணங்களையும், நிபந்தனைகள் விதித்திருந்தால் அவற்றையும் தமிழில் சுருக்கிச் சேர்த்தே வெளியிடுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
ஸ்காபரோ