மார்கழிச் சூரியகாந்திக்குக் கைகொடுத்தவர்களுக்கு

ஊரில் அறுவடை முடிந்து எடையும் போட்டாகிவிட்டது. சிங்கப்பூரில் இருந்துகொண்டு விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் சூரியகாந்தி ரகச் சோதனை நடத்தப் போகிறேன் என்றபோது சிரித்தவர்களும் கூடவே நின்றவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான், அதனால் எல்லாருக்கும் சேர்த்தே இந்த நன்றி.

விஷயம் தெரியாதவர்களுக்கு: புரட்டாசியில் போட்ட பாசிப்பயறை எடுத்ததும் நிலம் சும்மா கிடக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மார்கழிப் பட்டத்தில் இரண்டாம் பயிராகச் சூரியகாந்தி போடலாம். ஆனால் எந்த வீரிய ஒட்டு? கோவையின் கோ 2, பெங்களூரின் கேபிஎஸ்எச் 44, கேபிஎஸ்எச் 53, ஐதராபாத்தின் டிஆர்எஸ்எச் 1. யார் பேச்சையோ நம்பி ஒன்றைப் போடுவதற்குப் பதில் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டே பார்த்துவிடலாமே.

முதல் நன்றி, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அக்காவுக்கு. ஈசூன் காப்பிக்கடையில் உட்கார்ந்து அவர் சொன்னது இதுதான்: ரகத்துக்கு மூன்று பாத்தி போடு, எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய், இல்லாவிட்டால் கிணற்றோரம் விழுகிற ரகம் சும்மாவே ஜெயித்துவிடும், ஓரத்து வரிசைகளை எடையில் சேர்க்காதே. தே ஓ (பால் இல்லாத தேநீர்) ஆறுவதற்குள் பழைய 4டி லாட்டரிச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிக் குலுக்கிவிட்டோம். (அதில் ஒன்றுக்கும் பரிசு விழுந்ததில்லை என்பது வேறு கதை.)

எந்த ரகத்துக்கும் தனிக் கவனிப்பு கிடைத்துவிடக் கூடாது என்று விதைப் பைகளில் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். "பேரு தெரியாத பயிருக்கு எப்படிடா தண்ணி பாய்ச்ச?" என்று சித்தப்பா எரிந்து விழுந்தார், ஆனால் கடைசிவரை எது எதுவென்று கேட்கவேயில்லை. அதற்கே அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

செங்காங்கில் மகன் வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஐயா சொல்லித்தான் இலைப்பேன் என்ற குட்டிப் பூச்சிக்குத் தடுப்பாக வயலைச் சுற்றிச் சோளம் விதைத்தோம், பார்த்தீனியக் களையையும் பிடுங்கினோம். அது பார்த்தீனிய மகரந்தத்தோடு நச்சுயிரியைக் கொண்டுவந்தால் செடி கருகிப்போகும். நமக்கு அந்த நோய் வரவில்லை.

அத்தைக்கு என்ன சொல்வது? சூரியகாந்திக்குத் தன் மகரந்தம் மட்டும் போதாது, இன்னொரு செடியிலிருந்தும் வர வேண்டும், தேனீ குறைந்தால் பூவின் நடுவில் பதர்தான். பனி காய்ந்ததும் உள்ளங்கையில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு பூப்பூவாகத் தடவிப் போவார், நல்ல பாத்தி நோஞ்சான் பாத்தி என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே கை. ஒரு பாத்தியில் கொஞ்சம் கூடத் தடவியிருந்தாலும் ஒப்பிட்டதற்கே அர்த்தமில்லாமல் போயிருக்கும். அங்கே எட்டு மணி என்றால் இங்கே பத்தரை, அவருடைய வீடியோ கால் சரியாக வேலை நேரத்தில் வரும். பார்த்தும் பார்க்காததுபோல் போன என் சூப்பர்வைசருக்கும் நன்றி!

ஊருக்குப் போகிற வழியில் சாங்கி விமான நிலைய இரண்டாம் முனையத்துச் சூரியகாந்தித் தோட்டத்தில் நின்று, பூவின் விட்டத்தை டேப் வைத்து எப்படி அளப்பது என்று வீடியோ எடுத்து அனுப்பிய ரூம்மேட், எக்செல் போட்டதும் நீதான். தகர டப்பா தட்டிக் கிளி விரட்டிய பொடிசுகளுக்கு மிட்டாய் வந்துகொண்டிருக்கிறது.

சரி, எது ஜெயித்தது? பூ தட்டு அகலத்துக்கு இருந்த ரகம் இல்லை. அதைப் பிட்டுப் பார்த்தால் நடுவில் கையளவு பதர். பார்க்கச் சுமாராக இருந்து, சீக்கிரம் பூத்து, பங்குனி வெயில் ஏறுவதற்குள் நடு வரைக்கும் மணி பிடித்த ஒன்றுதான் எடையில் முந்தியது. பெயரை இப்போது சொல்ல மாட்டேன், ஒரு பட்டத்தை வைத்துச் சொன்னால் நாலு பேர் அதையே வாங்கிவிடுவீர்கள். அடுத்த மார்கழியிலும் அதே நிலைமையா பார்ப்போம். எக்செல் வேண்டுமென்றால் கேளுங்கள், நம்பரோடு தருகிறேன்.

அப்புறம், நாலையும் கலந்து ஆட்டிய எண்ணெய் அடுத்து ஊரிலிருந்து வருகிறவரிடம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு பாட்டில் கொண்டு வாருங்கள்.