சக்கர நாற்காலிக்கு முன்னால்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவுக்கு பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி வாங்கி அனுப்புவதாக நீ சொன்னபோது நெஞ்சு நிறைந்தது. ஆனாலும் அதை இப்போது வாங்க வேண்டாம். அப்பாவுக்கு வந்திருக்கும் பார்க்கின்சன், உடல் அசைவை முடக்கி நாளடைவில் கூடிக்கொண்டே போகும் நோய்தான்; அதற்காக இன்று நடக்கிறவரை நாமே முந்திக்கொண்டு உட்கார வைத்துவிடக் கூடாது.

முதலில் வேண்டியது சக்கரமும் கைப்பிரேக்கும் உள்ள வாக்கர். இங்கே வாங்கிய வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு முறையும் பின்பக்கமாகச் சாய்கிறார். குளியலறை வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி அவர் ஒரு காலடி வைக்கும் தூரத்துக்கு ஒரு கோடாகத் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியபின், கோட்டைத் தாண்டுவதாக எண்ணிக் காலை எடுத்து வைக்கிறார்.

இரவில் புரண்டு படுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. என் பழைய பட்டுப்புடவை ஒன்றை மடித்து, அவருடைய தோளிலிருந்து இடுப்பு வரை படும் இடத்தில் குறுக்கே விரித்து, இரு முனைகளையும் மெத்தைக்கு அடியில் இறுகச் செருகினேன். துணி வழுக்குவதால் இப்போது என்னை எழுப்பாமல் தாமே திரும்பிக்கொள்கிறார். குதிகால் ஊன்றும் இடத்தில் மட்டும் பருத்தி விரிப்பே இருக்க வேண்டும். அங்கேயும் பட்டு இருந்தால் உந்துவதற்குப் பிடிமானம் கிடைக்காது. அவர் எழுந்து உட்காரும்போது விளிம்பில் பட்டின்மேல் அமராதபடியும் பார்த்துக்கொள்கிறேன்.

கழிப்பறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்த ஆள் சொல்லியிருக்கிறேன். உறிஞ்சி ஒட்டும் வகை அவர் எடையைத் தாங்குமென்று நம்ப முடியாது. துளையிட்டுத்தான் முடுக்க வேண்டும். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே கேட்டிருக்கிறேன்.

நாற்காலி வரும் காலத்துக்கு வீட்டை இப்போதே தயார் செய்வோம். நம் வாசல் தரையிலிருந்து ஓரடி உயரம். சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும். கொத்தனார் 5 அடி போதும் என்கிறார், அந்தச் சரிவில் என்னால் அப்பாவை நாற்காலியோடு தள்ளவும் முடியாது, பிடித்து நிறுத்தவும் முடியாது. குளியலறைக் கதவு 24 அங்குலம்தான். திறந்தபின் 32 அங்குலமாவது வழி இருக்கும்படி அகலப்படுத்த வேண்டும். நாற்காலிக்கு வைத்திருக்கும் பணத்தை இதற்குக் கொடு.

படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தை பின்னாளில் தேவைப்படலாம். அதன் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. 2011-இல் அடித்த ‘தானே’ புயலுக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது உனக்கு நினைவிருக்கும். ஆகவே மெத்தைக்கு முன்னால் இன்வெர்ட்டர் வர வேண்டும்.

வாக்கரின் கைப்பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டுமாம். அப்பாவைச் செருப்போடு நிற்கவைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி அளந்தேன்: 33 அங்குலம். அந்த உயரத்துக்கு மாற்ற முடிகிறதா என்று பார்த்து வாங்கு.

அன்புடன்,
அம்மா