தலைப்பில் 11 ஆண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'தண்டனை பெற்றவர்கள் அப்பீல் என்ற பெயரில் காலம் கடத்துகிறார்கள்' என்று சென்ற வாரத் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

என் தம்பி அப்பீல் போட்டுவிட்டு வெளியே இருக்கவில்லை. உள்ளேதான் இருந்தான். கொலை முயற்சிக்கு 7 ஆண்டு, ஆயுதத்தால் காயப்படுத்தியதற்கு 3, மிரட்டலுக்கு 1 என்று செஷன்ஸ் கோர்ட்டில் தீர்ப்பானது. தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்ட மனு தள்ளுபடி. அப்பீல் விசாரணைக்கு வந்தபோது 4 வருஷம் 4 மாதம் ஓடியிருந்தது. நீதிபதி சாட்சியங்களை முதலிலிருந்து பார்த்து, கொல்லும் நோக்கம் நிரூபணமாகவில்லை என்று அந்த 7 ஆண்டை ரத்து செய்தார். மற்ற இரண்டையும் ஒரே சமயத்தில் அனுபவிக்க வேண்டும் என்பதால் மிஞ்சியது 3 ஆண்டு. அதற்கு மேல் இருந்துவிட்ட 1 வருஷம் 4 மாதத்தை யாரிடம் போய்க் கேட்பது?

அவன் ஒரு தவறும் செய்யவில்லை என்று நான் வாதாட வரவில்லை. அடித்தான். அதற்கு உண்டானதை அனுபவிக்கட்டும் என்றுதான் நாங்களும் சொன்னோம்.

அந்த நாட்களில் அவன் மனைவி தினமும் சாயங்காலம் மறுநாள் வழக்குப் பட்டியலை செல்போனில் திறந்து, விரலால் தள்ளித் தள்ளித் தேடுவாள். எண் இருக்காது. ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை அந்த அப்பீல் எண்ணை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கும். சிறையில் மனு போட்டு அவனைப் பார்க்கப் போனால் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி கேட்கும் முதல் கேள்வி, "லிஸ்ட்ல வந்துச்சாக்கா?"

1977-ல் காஷ்மீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. தன்னிடம் உள்ள அப்பீலை நியாயமான காலத்துக்குள் விசாரிக்க முடியாவிட்டால், வலுவான காரணம் இருந்தாலொழிய ஜாமீனில் விட வேண்டும் என்றது. ஐந்தாறு வருஷம் அடைத்து வைத்துவிட்டுக் கடைசியில் அவர் குற்றம் செய்யவில்லை என்று தெரிந்தால் அது நீதியா என்றும் கேட்டது. இதைத் தெரிந்த பத்திரிகை அப்படி ஒரு வரி எழுதலாமா?

சொல்ல ஆரம்பித்தபின் இதையும் சொல்லிவிடுகிறேன். தண்டனை விதித்த மறுநாள் உங்கள் மூன்றாம் பக்கத்தில் '11 ஆண்டு சிறை' என்று தலைப்பு, அவன் படத்தோடு. தண்டனைகளை ஏககாலத்தில், அதாவது மூன்றையும் ஒரே சமயத்தில், அனுபவிக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. அப்படியானால் மொத்தமே 7 தான். கூட்டிப் போட்டது நீதிபதி அல்ல. திருத்தம் கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்று இன்னமும் எழுதுகிறீர்கள். ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரை, தண்டனைக் குறைப்பு கொடுத்தாலும் 14 ஆண்டுக்கு முன் விடக்கூடாது என்பதுதான் அந்தக் கணக்கு. சிறைவாசியின் வீட்டில் இருப்பவர்கள் இதையும் நம்பி நாள் எண்ணுகிறார்கள் ஐயா.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தண்டனைச் செய்தி போட்ட வழக்கில் அப்பீல் தீர்ப்பு வந்தால், அதே பக்கத்தில் நாலு வரி போடுங்கள். தம்பியின் தீர்ப்பு நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அவன் மகள் பேப்பர் படிக்கிற வயதுக்கு வந்துவிட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி