அப்பாவின் அட்டையைப் புதுப்பிக்க வைத்தவர்களுக்கு

அன்புள்ள கட்டுமானத் தொழிலாளர் சங்கத்து அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும்,

அப்பா நேற்று ஊன்றுகோல் இல்லாமல் தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்விட்டு வந்தார். உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஏழு மாதத்துக்கு முன்னால் பூச்சு வேலையில் சாரம் சரிந்து விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வேலைக்குக் கூப்பிட்ட மேஸ்திரி ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டதோடு சரி, அப்புறம் போனையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வார்டு வாசலில் நீங்கள் வந்து நின்றீர்கள். ஒரு கையில் விண்ணப்பப் படிவங்கள், இன்னொரு கையில் அம்மாவுக்கு இட்லி. "அட்டை எங்கம்மா இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டீர்கள்.

அப்பா விழுவதற்கு முன்பே, அந்தக் கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டையைப் புதுப்பிக்கச் சொல்லி மூன்று முறை எங்கள் வீட்டுக்கு நடந்தீர்களே அக்கா, ஒரு நாள் கூலி போகும் என்று அப்பா இழுத்துக்கொண்டே இருந்தார், ஒரு தடவை உங்களிடம் சத்தம்கூடப் போட்டார். கடைசியில் நீங்களே அவரை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போய் முடித்துக் கொடுத்தீர்கள். புதுப்பித்த ஆறு வாரத்தில் விழுந்தார். அன்று கோபித்துக்கொண்டு போகாமல் திரும்பவும் வந்தீர்கள் இல்லையா, என் முதல் நன்றி அதற்குத்தான்.

விபத்துக்காக வாரியம் தரும் பணம் வரத் தாமதமானது. ஒரு சான்றிதழ் குறைகிறது என்று விண்ணப்பம் திரும்பி வந்தது, மறுபடி அனுப்பினோம். அந்த மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிந்தது அம்மா உறுப்பினராக இருக்கும் பெண்கள் கூட்டுறவுக் கடன் சங்கத்தால். பழைய தவணை பாக்கி இருந்தும் 15,000 ரூபாய் கொடுத்தார்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் சித்தாள், இன்னொருவர் காய்கறி விற்கிறவர். அவர்கள் இல்லையென்றால் வட்டிக்காரரிடம் போயிருப்போம், வாரியப் பணம் வந்த அன்றே அது அவர் கைக்குப் போயிருக்கும். சங்கம் மட்டும் போதாது, கடன் சங்கம் மட்டும் இருந்தாலும் போதாது, இரண்டும் வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

இலவசமாக வாங்குகிறோமே என்று அப்பாவுக்கு ஒரு கூச்சம் இருந்தது. சங்க அலுவலகத்துப் பெரியவர்தான் அவருக்கு உட்கார்ந்து சொன்னார்: தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-ல் வந்தும் கட்டுமான நலவாரியம் அமைய 1994 ஆனது, இடையில் எத்தனையோ ஊர்வலம். உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் நாடு முழுக்கச் சங்கங்கள் சேர்ந்து கேட்டு, 1996-ல் மத்தியச் சட்டங்களும் வந்தன. கட்டடம் கட்டுகிறவரிடம் செலவில் 1 சதவீதம் வசூலித்துத்தான் இந்த நிதி சேர்கிறது. "நீ பூசின சுவர்ல இருந்தும் இதுல கொஞ்சம் வந்திருக்குப்பா" என்றார். அதற்கப்புறம் அப்பா கூச்சப்படவில்லை. அந்த ஊர்வலங்களில் கைக்குழந்தையோடு நடந்த சித்தாள் பெண்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் நன்றி சொல்கிறேன்.

தம்பி கல்லூரியை விடவில்லை. கல்வி உதவித்தொகைக்கும் நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்கள்.

வருகிற ஞாயிறு அலுவலகத்துக்கு வருகிறேன், படிவம் நிரப்ப ஆள் வேண்டும் என்றீர்களே. எங்கள் தெருவில் அட்டை காலாவதியானவர்கள் பதினோரு பேர், பெயர் எழுதி வைத்திருக்கிறேன். அதில் இரண்டு பேர் கட்டாயம் சத்தம் போடுவார்கள். அவர்களிடம் தானே பேசுவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
கொத்தனார் வீட்டு மூத்த பெண்,
செல்லூர், மதுரை